எழ மறுக்கும் பக்கெட்

அமெரிக்க நாட்டுப்புறங்களில் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று சிறு நிலம் வைத்துக்கொண்டு அதன் நடுவே வீடு கட்டி வாழ்கிறவர்களின் கொட்டகையில், இருபது முதல் நாற்பது குதிரைத்திறனுக்கு உட்பட்ட ஒரு சிறு டிராக்டரும் அதன் முகப்பில் மாட்டிய லோடரும் நிற்பது இன்று வெகு சாதாரணமான காட்சி. அந்த வண்டி நிலத்தை உழுவது வருஷத்தில் சில நாட்களே. குளிர்காலத்தில் வாசலை மூடிக் கிடக்கும் பனியைத் தள்ளுவது, வசந்தத்தில் பாதைக்குச் சரளை பரப்புவது, குதிரை லாயத்து எருவை வாரிக் குவிப்பது, விறகுக் கட்டைகளையும் உருளையாகச் சுருட்டிய காய்ந்த புல்லையும் இடம் மாற்றுவது ஆகிய இவையே அதன் நித்திய கருமங்கள். இவ்வளவையும் செய்வது முன்னால் இருக்கும் பக்கெட்டே ஆகையால், அது ஒரு நாள் ஈரமண் குவியலுக்குள் புதைந்துகொண்டு, என்ஜின் என்னதான் உறுமினாலும் எழ மறுத்துவிட்டால், உடையவருக்கு உண்டாகும் ஏமாற்றம் கொஞ்சமல்ல. இருபத்தைந்து குதிரைகளின் பலம் என்று சொல்லி விற்ற வண்டி ஐந்நூறு கிலோ மண்ணை எடுக்கமாட்டேன் என்கிறதே என்று அவர் கேட்பது நியாயமான கேள்விதான். அதற்கு விடை என்ஜினில் இல்லை என்பதும், பக்கெட்டின் பலத்தைக் கூட்டும் வழிகளுள் எல்லாருக்கும் முதலில் தோன்றுவதே கடைசியில் செய்யத்தக்கது என்பதும் என் அபிப்பிராயம்.

டிராக்டர் என்னும் யந்திரம் எதற்காகப் பிறந்தது என்பதைச் சற்றே நினைத்துப் பார்த்தால் இந்தச் சங்கடத்தின் மூலம் புலப்படும். பின்னால் கட்டிய கலப்பையை இழுப்பதற்காகவே அது பிறந்தது. அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன் வகுத்த மும்முனைப் பிணைப்பு, 1939-இல் ஃபோர்டு கம்பெனியின் 9என் டிராக்டரோடு உலகமெங்கும் பரவியபோது, கலப்பையை மண் இழுக்கும் இழுப்பையே பின்சக்கரங்களின் மேல் பாரமாக இறக்கும் யுக்தி நிலைபெற்றது. அன்று முதல் இன்று வரை டிராக்டரின் பெருத்த சக்கரங்களும் கனத்த உடலும் பின்னாலும், மெலிந்த அச்சு முன்னாலும் இருப்பதே வழக்கம். 1960-இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் வண்டிகளை ஓட்டிப் பழகிய நம் விவசாயிகளுக்கு இந்த அமைப்பு கைவந்த பாடம். இப்படிப் பின்னால் இழுப்பதற்கென்று வகுத்த உடம்பின் முன்னால், இரண்டு இரும்புக் கைகளையும் ஒரு பக்கெட்டையும் மாட்டி, அரை டன் சுமையை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கு என்று கட்டளையிடுவது அதன் இயல்புக்கு முற்றிலும் எதிரான காரியம் அல்லவா?

எனினும் அமெரிக்கர்கள் அதைத்தான் செய்தார்கள், செய்து பயனும் கண்டார்கள். ஒசாகா நகரில் 1890-இல் ஒரு வார்ப்படப் பட்டறையாகத் தொடங்கிய குபோட்டா நிறுவனம், ஜப்பானியருடைய சிறு வயல்களுக்கு ஏற்ற வண்டிகளைச் செய்துவந்து, 1969-இல் 21 குதிரைத்திறன் கொண்ட எல்-200 என்னும் மாதிரியை அமெரிக்காவில் அறிமுகம் செய்தது. பெரும் பண்ணைக்காரர்கள் விளையாட்டுப் பொம்மை என்று எண்ணியிருக்கக்கூடிய அந்த உருவம், பண்ணையும் அல்லாத தோட்டமும் அல்லாத நடுத்தர நிலங்களுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது. 1994 முதல் நம் நாட்டு மஹிந்திராவும் அங்கே வியாபாரம் செய்துவருகிறது. இந்தச் சிறு வண்டிகளை அங்கே வாங்குகிறவர்கள் லோடரையும் சேர்த்தே வாங்குவது வழக்கம். தமிழ்நாட்டில் மினி டிராக்டர்கள் தென்னந்தோப்புகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் உழவுக்கும் மருந்தடிப்புக்குமே பெரும்பாலும் ஓடுகின்றன. மண் அள்ள வேண்டுமென்றால் ஜேசிபியை வாடகைக்கு அழைத்துவிடுகிறோம். ஆகவே நான் எழுதப்போவது முக்கியமாக அமெரிக்க மண்ணில் எழுந்த பிரச்சினை. ஆனால் எண்ணெயும் இரும்பும் எந்த நாட்டிலும் ஒரே விதிக்குத்தான் கட்டுப்படுகின்றன.

அந்த விதியைச் சொன்னவர் பிரெஞ்சு ஞானி பாஸ்கல். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று விளக்கும் அவருடைய நூல், அவர் காலமான மறு வருஷம், 1663-இல் அச்சேறியது. அதை ஒரு யந்திரமாக்கி, சிறு கைப்பிடியால் பெரும் பாரத்தை அமுக்கும் நீரழுத்தப் பொறிக்கு 1795-இல் உரிமை பெற்றவர் லண்டனில் தொழில் நடத்திய ஜோசஃப் பிராமா. லோடரின் இரு புறத்திலும் மின்னும் சிலிண்டர்கள் அந்தப் பொறியின் வழித்தோன்றல்களே. அவற்றின் பலத்தைக் கணக்கிடப் பள்ளிக்கூடத்துப் பெருக்கல் போதும்: எண்ணெயின் அழுத்தத்தைப் பிஸ்டனின் பரப்பால் பெருக்க வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 170 கிலோ அழுத்தமும் 50 மில்லிமீட்டர் உட்குறுக்களவும் உள்ள ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 3,300 கிலோ பலத்தோடு தள்ளும். இரண்டும் சேர்ந்தால் 6,600 கிலோ. இத்தனை பலம் எங்கே போய்விடுகிறது என்றால், சிலிண்டர் 40 சென்டிமீட்டர் நீளும்போது பக்கெட் 2.4 மீட்டர் எழுகிறது. தூரத்தில் ஆறு மடங்கு லாபம் பார்த்தவன் பலத்தில் ஆறு மடங்கு நஷ்டப்பட்டே தீரவேண்டும் ஆகையால், மிஞ்சுவது சராசரியாக 1,100 கிலோ. அதிலும் லோடர் கைகளின் எடை, பக்கெட்டின் எடை, மூட்டுகளிலுள்ள பின்களிலும் புஷ்களிலும் உண்டாகும் உராய்வு எல்லாம் போக, கை மேலே செல்லச் செல்லக் கோணம் பாதகமாவதையும் கழித்தால், விளம்பரத்தில் காணும் நானூறு ஐந்நூறு கிலோவுக்கு வந்து சேருகிறோம்.

இந்தக் கணக்கில் என்ஜினின் குதிரைத்திறன் எங்குமே வரவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். பம்ப் நிமிஷத்துக்கு 25 லிட்டர் எண்ணெயை அந்த அழுத்தத்தில் தள்ளுவதற்கு ஒன்பது குதிரைத்திறனுக்குச் சற்று மேலே ஆகிறது, அவ்வளவுதான் செலவு. ஆக்ஸிலரேட்டரை ஏற்றினால் எண்ணெய் அதிகமாக ஓடும், பக்கெட் வேகமாக எழும். ஆனால் எழ மறுத்த பாரம் அப்போதும் எழாது. ஏனென்றால் அழுத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு விதித்துக்கொண்டு, லீவரால் இயங்கும் கன்ட்ரோல் வால்வின் ஓரத்தில் விரல் பருமனில் ஒரு சிறு சாதனம் உட்கார்ந்திருக்கிறது. ரிலீஃப் வால்வு என்று மெக்கானிக்குகள் சொல்லும் அதற்குள் இருப்பது ஒரு ஸ்பிரிங்கும், ஒரு குண்டோ கூம்போதான். ஸ்பிரிங்கின் பலத்தை எண்ணெயின் அழுத்தம் வென்றவுடன் வழி திறந்து, எண்ணெய் டாங்கிக்குத் திரும்பிவிடுகிறது. பக்கெட் நின்றுவிட்ட நிலையில் லீவரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் 'கீ' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது அந்த வால்வின் குரல். அந்தச் சத்தத்தை நீடிக்க விடுபவர் எண்ணெயைச் சும்மா சூடாக்கிக்கொண்டிருக்கிறார்.

ரிலீஃப் வால்வின் இரகசியம் தெரிந்த மாத்திரத்தில் மனித மனம் எங்கே பாயும் என்பதை ஊகிக்க அதிகப் புத்தி வேண்டாம். ஸ்பிரிங்குக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்றைச் சேர்த்தால் அது இன்னும் கொஞ்சம் இறுகும், அழுத்தம் ஏறும், பக்கெட்டின் பலம் கூடும். செலவோ சில்லறைக் காசு. சிறு டிராக்டர் வைத்திருப்பவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் இந்த வாஷர் வைத்தியம் பிரஸ்தாபத்துக்கு வராமல் இருப்பதில்லை. அதை முற்றிலும் மூட வைத்தியம் என்று நான் தள்ளமாட்டேன். வியாதி இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

வியாதியை அறிய ஒரு பிரஷர் கேஜ் வேண்டும். கிளிசரின் நிரப்பியதாய், வண்டியின் அழுத்தத்தைப்போல் இரு மடங்கு வரை காட்டக்கூடியதாய் இருந்தால் உத்தமம். ஊசி துடிக்காமல் நிற்கும். வண்டியை அரை மணி நேரமாவது வேலை வாங்கி, எண்ணெய் சூடேறிய பிறகு என்ஜினை நிறுத்தி, லீவரை இப்புறமும் அப்புறமும் அசைத்துக் குழாய்களில் தேங்கிய அழுத்தத்தை விடுவித்துவிட்டு, லோடருக்குப் போகும் குழாய்களை இணைக்கும் கப்ளர் ஒன்றில் கேஜை மாட்ட வேண்டும். பிறகு கைப்புத்தகம் சொல்லும் வேகத்தில் என்ஜினை ஓடவிட்டு, கேஜ் மாட்டிய வழியில் எண்ணெய் செல்லும்படி லீவரை இழுத்துப் பிடித்தால், ஊசி ஒரே தாவாகத் தாவி ஓரிடத்தில் நிற்கும். உடனே விட்டுவிட வேண்டும். ஊசி நின்ற எண்ணையும் கைப்புத்தகத்திலுள்ள எண்ணையும் ஒப்பிட்டால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். பல வருஷம் உழைத்த வண்டிகளில் ஸ்பிரிங் தளர்ந்து, அழுத்தம் விதித்த அளவுக்குப் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைந்து கிடப்பது உண்டு. அப்படிப்பட்ட வண்டிக்கு வாஷர் சேர்த்து உரிய அளவுக்குக் கொண்டுவருவது பலத்தைக் கூட்டுவதாகாது. இழந்த சொத்தை மீட்பதாகும். அதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை.

ஊசி சரியான இடத்தில் நின்றும் பக்கெட் எழவில்லையானால் குற்றவாளி வேறெங்கோ ஒளிந்திருக்கிறான். பக்கெட்டைச் சுமையோடு தூக்கி நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டுத் தூர நின்று பார்த்தால், தானாகவே வேகமாகக் கீழே வருகிற பக்கெட், சிலிண்டருக்குள் சீல் தேய்ந்ததையோ வால்வுக்குள் கசிவு இருப்பதையோ காட்டிக்கொடுக்கும்; சீல் கிட் மாற்றுவது பெரிய செலவல்ல. ஊசியே மேலே ஏறாமல் தடுமாறினால் எண்ணெய் குறைந்திருக்கிறதா, ஃபில்டர் அடைத்துக்கொண்டதா, உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுகிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கப்ளர் முழுவதும் உள்ளே இறங்காமல் பாதியில் நின்று எண்ணெயின் வழியை அடைத்திருப்பதும் உண்டு; அதைச் சரிசெய்ய ஒரு விநாடி போதும். இவ்வளவையும் விட்டுவிட்டு வாஷரைத் தேடுவது அவசரக்காரர்களின் வேலை.

எல்லாம் சரியாக இருந்து, அதற்கு மேலும் பலம் வேண்டுமென்றால் என்ன செய்வது? இங்கேதான் விவகாரம் சிக்கலாகிறது. அழுத்தத்தை விதித்த அளவுக்கு மேல் நூற்றுக்குப் பத்து ஏற்றினால், கைகளின் எடை மாறாமல் அப்படியே இருப்பதால், சுமக்கும் எடை பத்துக்கும் சற்று அதிகமாகவே கூடும். கேட்பதற்கு இன்பமான செய்தி. ஆனால் லோடர் கைகள் பற்றவைத்த தகடுகளால் ஆனவை. பற்றவைத்த இணைப்புகள் ஒரே பாரத்தால் ஒரே நாளில் முறிவதில்லை. ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும் பாரத்தால் களைத்து, மயிரிழை விரிசல் கண்டு, ஒரு நாள் பிளக்கின்றன. அந்த இணைப்புகளின் ஆயுள், அவை தாங்கும் விசையின் மும்மடிக்கு எதிர் விகிதத்தில் குறையும் என்பது இரும்புக் கட்டுமான சாஸ்திரத்தில் வழங்கும் கணக்கு. அதன்படி பத்து சதவீதப் பாரம் கூடினால் ஆயுளில் கால் பங்கு போய்விடுகிறது. பம்பும் ஹோஸ்களும் அதே அழுத்தத்தைத் தாங்கவேண்டும். சில வண்டிகளில் பவர் ஸ்டியரிங்கும் அதே பம்பின் தயவில் இருக்கிறது. இன்னும் ஓர் அபாயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. ஹோஸில் ஊசிமுனை அளவு துளை விழுந்தால் அதிலிருந்து பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே செல்லும். வெளியில் சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகமிராது. சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். கசிவைத் தேடுகிறவர் கையால் தடவாமல் ஓர் அட்டைத் துண்டைக் காட்டித் தேட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

சிலிண்டரையே பெரிதாக மாற்றிவிடுவது இரண்டாவது உபாயம். 40 மில்லிமீட்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு 50 மில்லிமீட்டர் போட்டால், பரப்பு வர்க்கத்தில் வளர்வதால், பலம் நூற்றுக்கு ஐம்பத்தாறு கூடிவிடும். எண்ணெயின் அழுத்தமோ பழையபடியே இருக்கும். இதற்குக் கொடுக்கும் விலை காலம்: ஒரு லிட்டர் எண்ணெய் குடித்து இரண்டரை விநாடியில் எழுந்த கைகள், இப்போது ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்து ஏறக்குறைய நான்கு விநாடியில் எழும். வேகம் குறைந்தது உண்மையில் ஒரு நன்மை என்றே நினைக்கிறேன். ஆனால் பம்பையும் ஹோஸையும் காப்பாற்றிய இந்த மாற்றம், கைகளையும் பின்களையும் முன் அச்சையும் காப்பாற்றுவதில்லை. அவற்றின் தலையில் ஏறும் பாரம் முன்னைவிட ஒன்றரை மடங்கு.

தூக்கும் பலம் வேறு, பெயர்க்கும் பலம் வேறு என்பதை லோடர் ஓட்டுகிற பலர் பிரித்துப் பார்ப்பதில்லை. குவியலில் புதைந்த பக்கெட்டை அப்படியே மேலே தூக்க முயல்வது மிகக் கடினமான வழி. கத்தி விளிம்பைத் தரையோடு படியவிட்டு, மெதுவாகக் குவியலுக்குள் செலுத்தி, வண்டி முன்னேறிக்கொண்டிருக்கும்போதே பக்கெட்டின் வாயை மேல்நோக்கிச் சுருட்டி, மண் தன் பிணைப்பை விட்ட பிறகே தூக்க வேண்டும். இந்தச் சுருட்டுதலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சாமானிய டிராக்டர் லோடரில் பக்கெட்டைப் பின்னால் சுருட்டுவதற்குச் சிலிண்டர் நீளுவதில்லை, சுருங்குகிறது. சுருங்கும்போது எண்ணெய் தள்ளும் பக்கத்தில் பிஸ்டனின் தண்டு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் முழுப் பரப்பும் கிடைப்பதில்லை. 50 மில்லிமீட்டர் பிஸ்டனில் 30 மில்லிமீட்டர் தண்டு இருந்தால் நூற்றுக்கு அறுபத்துநான்கு பங்கு பலமே மிஞ்சும். அதாவது அதிக பலம் தேவைப்படும் வேலையைச் சிலிண்டரின் நோஞ்சான் பக்கம் செய்கிறது. மண்ணைக் கொட்டும் சுலப காரியத்துக்குப் பயில்வான் பக்கம் காத்திருக்கிறது! கல் குவாரிகளில் ஓடும் பெரிய வீல் லோடர்களின் முகப்பில் சிலிண்டருக்கும் பக்கெட்டுக்கும் நடுவே ஒரு நெம்புகோல் குறுக்கே நிற்பதைப் பார்த்திருக்கலாம்; சிலிண்டர் நீளும்போது பக்கெட் சுருளும்படி இந்த முறையைத் தலைகீழாக்குவதே அதன் வேலை. சிறு டிராக்டரில் அந்த நெம்புகோலை வைத்தால் எடையும் விலையும் கூடும், ஓட்டுபவரின் பார்வையும் மறையும். ஆகையால் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

இந்தக் குறையை எண்ணெயைத் தொடாமலேயே ஓரளவு ஈடுசெய்யலாம். பக்கெட்டின் கத்தி விளிம்பில் பல் பட்டை ஒன்றைப் போல்ட்டு வைத்து முடுக்கினால், வண்டியின் தள்ளு முழுவதும் சில முனைகளில் குவிந்து, வேரோடிய தரையும் இறுகிய சரளையும் இடம்கொடுக்கும். என் அபிப்பிராயத்தில் சிறு டிராக்டர்காரர் செய்யக்கூடிய செலவுகளுள் இதைவிடப் பலன் தருவது வேறில்லை. ஆழம் குறைந்த பக்கெட் மற்றொரு வழி: பக்கெட் மாட்டும் பின்னுக்கும் கத்தி விளிம்புக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் பெயர்க்கும் பலம் கூடும். பக்கெட்டைச் சீக்கிரம் கழற்றி மாட்டுவதற்காக நடுவில் வைக்கும் இணைப்புத் தகடு எவ்வளவு சௌகரியமானதாயினும், தன் எடையைக் கழித்துக்கொள்வதோடு சுமையை முன்னுக்கும் தள்ளிவிடுகிறது. இரண்டும் நஷ்டக் கணக்கே. தள்ளுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. இந்த வண்டிகளில் பல, கியருக்குப் பதிலாக எண்ணெயாலேயே சக்கரத்தைச் சுழற்றும் ஹைட்ரோஸ்டாட்டிக் அமைப்பைக் கொண்டவை; அவற்றில் மிதியை அழுத்த அழுத்த வேகம் கூடித் தள்ளும் பலம் குறையும். குவியலில் வண்டி திணறும்போது மிதியைச் சற்றுத் தளர்த்தினால் பலம் பிறக்கும். காரோட்டிப் பழகிய கால் இதற்கு நேர் விரோதமாக அமுக்கவே துடிக்கிறது.

விளம்பர எண்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நெப்ராஸ்கா மாகாணத்தில் வில்மாட் க்ரோஷியர் என்ற விவசாயி, ஹென்றி ஃபோர்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனி ஃபோர்டு என்ற பெயரிட்டு விற்ற டிராக்டரை வாங்கி அவதிப்பட்டு, பிறகு சட்டசபையில் உறுப்பினராகி, சோதனைக்கு உட்படாத டிராக்டரை அந்த மாகாணத்தில் விற்கக்கூடாது என்னும் 1919-ஆம் வருஷத்துச் சட்டம் பிறக்கக் காரணமானார். லிங்கன் நகரிலுள்ள அந்தச் சோதனைச்சாலை என்ஜின் பலத்தையும் இழுவைப் பலத்தையும் பற்றிய பெரும் புளுகுகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. லோடரின் எண்களோ பொய்யல்ல. ஆனால் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டியவை. பக்கெட் மாட்டும் பின்னில் எவ்வளவு தூக்கும் என்பது ஓர் எண். பின்னுக்கு 500 மில்லிமீட்டர் முன்னால், மண் உண்மையில் இருக்கும் இடத்தில், எவ்வளவு தூக்கும் என்பது மற்றோர் எண். இரண்டுக்கும் நூறு கிலோவும் அதற்கு மேலும் வித்தியாசம் இருக்கும். கொட்டை எழுத்தில் அச்சாவது எது என்று சொல்லவேண்டுமா? 0.3 கன மீட்டர் பக்கெட்டில் மரத்தூள் நிரப்பினால் நூறு கிலோ தேறுவது கஷ்டம். அதே பக்கெட்டில் மழையில் நனைந்த மண் ஐந்நூறு கிலோவைத் தாண்டும். பக்கெட்டை எப்போதும் விளிம்புவரை நிரப்பியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆள் மிதிக்கும் ஏற்றத்தில் ஒரு கோடியில் சாலும் மறு கோடியை நோக்கி நடக்கும் மனிதனும் நடுவே தாங்கும் தூணும் இருப்பதுபோல், லோடர் சுமை தூக்கியவுடன் டிராக்டரின் முன் அச்சு தூணாகவும், வண்டியின் பின்பாதி நடக்கும் மனிதனாகவும் ஆகிவிடுகின்றன. முன் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் 400 கிலோ தொங்குகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 1.6 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரங்களின் மேலிருந்து 375 கிலோ பாரம் கிளம்பி முன்னே வந்துவிடும். தூக்கியது 400 கிலோ, ஆனால் முன் அச்சு புதிதாகத் தாங்குவது 775 கிலோ. ஆயிரத்து இருநூறு கிலோ எடையுள்ள ஒரு வண்டிக்கு இது எவ்வளவு பெரிய சோதனை! பின்சக்கரம் பிடிமானம் இழந்து தரையைவிட்டு எழும் நிலையில், வண்டியைச் செலுத்தும் பலம் முழுவதும் முன் அச்சிலுள்ள சிறிய பல்சக்கரங்களின் வழியாகவே ஓடியாக வேண்டும். அவை அதற்காகச் செய்தவையல்ல. வாஷர் வைத்தியத்தில் ஜெயித்துவிட்டோம் என்று மகிழ்ந்தவர் சில காலத்துக்குப் பிறகு முன் அச்சைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காரும் காரணம் இதுவே.

ஆகவே முன்னால் பலம் கூட்டுவதற்குமுன் பின்னால் எடை கூட்ட வேண்டும். அதிலும் இரு வகை உண்டு. டயரில் தண்ணீர் ஏற்றுவதை நம் விவசாயிகள் நன்றாக அறிவார்கள். பனி உறையும் அமெரிக்க வடபகுதியில் வெறும் தண்ணீர் கட்டியாகிவிடும் ஆதலால் கால்சியம் குளோரைடு கரைசலை ஏற்றுவார்கள், அது சக்கர வளையத்தை அரிப்பதால் சர்க்கரைக் கிழங்கின் பாகை ஏற்றுகிறவர்களும் உண்டு. டயருக்குள் ஏறிய எடை பின் அச்சின் மேலேயே உட்கார்ந்து, சக்கரம் மேலெழுவதைத் தடுக்கிறது; ஆனால் முன் அச்சின் சுமையில் ஒரு கிலோவைக்கூடக் குறைப்பதில்லை. மும்முனைப் பிணைப்பில், பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் எடையே அந்த வேலையைச் செய்யும். பின் அச்சிலிருந்து 90 சென்டிமீட்டர் பின்னால் 300 கிலோ சிமெண்டுப் பெட்டி ஒன்றை மாட்டினால், மேலே சொன்ன வண்டியில் முன் அச்சிலிருந்து ஏறத்தாழ 170 கிலோ இறங்கிவிடும். பெட்டி இல்லாவிட்டால் கனமான கலப்பையோ சமன் செய்யும் பலகையோ எதையாவது மாட்டிக்கொள்ளலாம். இந்த எடையை மாட்டிய பிறகு, எழமாட்டேன் என்று நின்ற பக்கெட் எழுந்துவிடுவதில்லைதான்; ஆனால் பின்சக்கரம் தரையைப் பற்றிக்கொள்வதால் குவியலுக்குள் நுழையும் பலம் கூடி, பக்கெட் முன்னைவிட நிரம்பி வெளிவருவதைக் கண்ணாரக் காணலாம்.

உயிரைப் பற்றிய பேச்சும் இங்கே அவசியமாகிறது. சுமையோடு பக்கெட்டை உயரத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டுச் சரிவில் திரும்பும் வண்டி கவிழ்வதற்கு ஒரு சிறு பள்ளம் போதும். ஓட்டுபவரின் தலைக்குப் பின்னால் நிற்கும் உருளல் காப்பு வளைவைப் புதிய டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கி 1959-இல் சட்டம் செய்தது ஸ்வீடன். அமெரிக்காவில் உற்பத்தியாளர்கள் 1985-இல்தான் 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் அதைப் பொருத்த இசைந்தார்கள். வளைவை நிமிர்த்தி வைத்து, சீட் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டால்தான் அது காக்கும். மரக்கிளை இடிக்கிறதென்று மடக்கி வைத்துக்கொண்டு லோடர் ஓட்டுவது பெரும் விவேகக் குறைவு. இறக்கத்தில் மற்றொரு பொறி காத்திருக்கிறது: இந்தச் சிறு வண்டிகளில் பெரும்பாலும் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. முன்னால் சுமையேறிப் பின்சக்கரம் இலேசான வேளையில், நான்கு சக்கர இணைப்பைப் போடாமல் சரிவில் இறங்கினால் பிரேக் இருந்தும் இல்லாத கதையாகிவிடும். இணைப்பைப் போட்டிருந்தால் முன்சக்கரங்களும் கட்டுக்குள் நிற்கும்.

செய்ய வேண்டியவற்றின் வரிசையைச் சொல்லிவிடுகிறேன்: முதலில் கேஜ், பிறகு பின் எடை, அதன்பின் பல் பட்டை, அதோடு குவியலை அணுகும் முறை. இந்த நான்கும் செய்த பிறகும் போதாது என்கிறவருக்குத் தேவைப்படுவது அதிக அழுத்தமல்ல, பெரிய வண்டி. அந்தச் செலவுக்கு வழியில்லையென்றால் பாதி பக்கெட்டாக இரண்டு நடை அடிப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: லோடர் நன்றாகத் தூக்குகிறது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், கேஜை மாட்டிப் பாருங்கள். ஊசி கைப்புத்தகத்து எண்ணைத் தாண்டி நின்றால், கைகளின் பற்றவைப்புகளையும் முன் அச்சின் எண்ணெய்க் கசிவையும் டார்ச் வெளிச்சத்தில் ஆராயாமல் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்.